குழந்தைகளின் நடைக்கேற்ப

பேரப்பிள்ளை பிறக்கப்போகிறது என்றதும் பாட்டி விமானம் ஏறுவது இன்று நம் பங்குகளில் வியப்புக்குரிய செய்தியன்று. முதல் பயணத்தில் சுக்கும் கருப்பட்டியும் பெட்டியை நிறைக்கும். ஆறு மாதங்கள் அடுப்படியிலும் தொட்டிலருகிலும் கழியும். ஊர் பார்க்க நேரமிராது. இரண்டாம், மூன்றாம் பயணத்தில்தான், பிள்ளைகள் ஓடத் தொடங்கிய பின்னர், "இந்த முறையாவது உங்களை எங்கேயாவது கூட்டிப்போக வேண்டும்" என்னும் பேச்சு எழுகிறது. அமெரிக்காவில் வாழும் நம் பிள்ளைகளுக்கு அந்த 'எங்கேயாவது' பல வேளைகளில் புளோரிடா மாநிலத்தின் ஆர்லாண்டோ நகரை அடுத்த வால்ட் டிஸ்னி உலகமாக அமைந்துவிடுகிறது.

இவ்வழைப்பின் பின்னே உள்ள அன்பை நாம் ஐயுறவில்லை. கோவில் திருவிழாவில் தன்னைத் தோள்மீது தூக்கி வைத்து ராட்டினம் காட்டிய தந்தைக்கு, உலகறிந்த ராட்டினங்களைக் காட்டிவிட வேண்டும் என்று மகன் துடிக்கிறான். ஆயினும் அந்த அன்பு பயணத் திட்டம் தீட்ட உட்காரும்பொழுது, முப்பத்தைந்து வயதுக் கால்களைக் கொண்டே தூரத்தை அளக்கிறது. இரண்டு வயதுக் கால்களும் எழுபது வயதுக் கால்களும் அக்கணக்கில் இடம்பெறுவதில்லை.

இத்தகைய பூங்கா ஒன்று தோன்றிய வரலாற்றை எண்ணுங்கால் இது சற்று விந்தையாகவே படுகிறது. வால்ட் டிஸ்னி தம் இரு பெண்மக்களை லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் கிரிஃபித் பூங்காவிலுள்ள குதிரை ராட்டினத்திற்கு அழைத்துச் செல்வது வழக்கம். பிள்ளைகள் சுற்றிவர, தந்தை ஓரத்து இருக்கையில் அமர்ந்து வேர்க்கடலை கொறித்துக்கொண்டிருப்பாராம். பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்தே மகிழக்கூடிய இடமொன்று இருக்கலாகாதா என்னும் எண்ணம் அங்கேதான் எழுந்ததாக அவரே பின்னர் கூறியிருக்கிறார். 1955-ஆம் ஆண்டு ஜூலை 17-ஆம் நாள் கலிபோர்னியாவில் டிஸ்னிலேண்ட் திறக்கப்பட்டது. புளோரிடாப் பூங்காவைக் காணுமுன் 1966-இல் அவர் மறைந்தார். ஓய்வெடுக்க வேண்டிய வயதில் அவருடைய அண்ணன் ராய் அப்பணியை ஏற்று, 1971 அக்டோபர் முதல் நாள் அதைத் திறந்துவைத்தார். தம்பியின் நினைவு நிலைக்கவேண்டும் என்று 'வால்ட்' என்னும் பெயரையும் சேர்க்கச் செய்தவர் அவரே. அதே ஆண்டு டிசம்பரில் அவரும் காலமானார். உடன்பிறப்பின் பாசத்திற்கு நாம் சொல்லும் கதைகளோடு இதையும் சேர்க்கலாம்.

ஓரத்து இருக்கையில் ஒதுங்கியிருந்த ஒருவரின் ஏக்கத்திலிருந்து பிறந்த இடம் அது. இன்று அந்த இருக்கையில் தாத்தாவும் பாட்டியும் அமர்ந்திருக்கிறார்கள்.

நாம் கண்டதையே சொல்கிறோம். சில ஆண்டுகளுக்கு முன் புளோரிடாவில் ஒரு பங்கில் கோடைக்காலத் துணைப்பணிக்குச் சென்றிருந்தோம். அங்குள்ள குடும்பமொன்று ஒருநாள் எம்மை அப்பூங்காவிற்கு அழைத்துச் சென்றது. நண்பகல். ஒரு சவாரியின் வாயிலருகே, சேலையுடுத்திய முதியவர் ஒருவர் பைகள் தொங்கும் தள்ளுவண்டியைப் பிடித்தபடி அமர்ந்திருந்தார். எம் முகத்தை உற்றுநோக்கி, "தம்பி, நீங்க தமிழா?" என்றார். ஆமென்றோம். "இங்கேயே இரு அம்மான்னு சொல்லிட்டுப் போனாங்க. ஒரு மணி நேரத்துக்கு மேல ஆச்சு. பாத்ரூம் போகணும். நான் எந்திரிச்சுப் போன நேரம் அவங்க வந்துட்டா என்ன செய்ய?" என்றார். கையில் கைப்பேசி இல்லை. தள்ளுவண்டிக்கு நாம் காவலிருந்தோம். உடன்வந்த பெண்மணி அவரை அழைத்துச் சென்று வந்தார். சற்று நேரத்தில் மகனும் மருமகளும் பிள்ளைகளும் வியர்வை வழிய வந்து சேர்ந்தனர். வரிசை எதிர்பார்த்ததைவிட நீண்டுவிட்டதாம். மகன் கொடியவரல்லர். தாயின் முகத்தைக் கண்டதும் அவர் முகம் வாடியது. ஆனால் அடுத்த சவாரிக்குக் குறித்த நேரம் நெருங்கிவிட்டிருந்தது; எல்லாரும் உடனே புறப்பட்டனர்.

இவ்வோட்டத்திற்குக் காரணம் பணம் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. வயதுவந்த ஒருவருக்கு ஒருநாள் நுழைவுச்சீட்டு 100 டாலருக்கும் மேல். மூன்று வயது நிறையாத குழந்தைக்குக் கட்டணமில்லை. எழுபது நிறைந்தவருக்கோ தள்ளுபடியில்லை. நீண்ட வரிசையைத் தவிர்க்க வேண்டுமானால் அதற்கும் தனிக் கட்டணம் செலுத்தி, முன்கூட்டியே கைப்பேசியில் நேரம் குறித்துக்கொள்ள வேண்டும். இவ்வளவு கொடுத்தபின், ஒரு மணி நேரம் நிழலில் சும்மா அமர்ந்திருப்பது வீண்செலவாகத் தோன்றுகிறது. ஏறத்தாழ 40 சதுர மைல் பரப்பில் நான்கு பெரும் பூங்காக்கள். நான்கையும் நான்கு நாளில் பார்த்துவிட வேண்டும் என்னும் வெறி இப்படித்தான் பிறக்கிறது.

தொடக்கநூலில் யாக்கோபும் ஏசாவும் நெடுங்காலத்திற்குப் பின் சந்திக்கும் இடம் நாம் அறிந்ததே. சேர்ந்தே பயணம் செய்வோம் என்று அண்ணன் அழைக்கிறான். பிள்ளைகள் மெல்லியர், பால்கொடுக்கும் ஆடுமாடுகளும் உடன் உள்ளன, ஒரே நாள் விரட்டி ஓட்டினாலும் மந்தை மாண்டுபோகும், நீர் முன்னே செல்லும், நான் குழந்தைகளின் நடைக்கேற்ப மெல்ல வருகிறேன் என்னும் பொருள்பட யாக்கோபு விடையளிக்கிறான். அண்ணனிடமிருந்து விலகிப்போக அவன் சொன்ன சாக்கு இது என்று விவிலிய விரிவுரையாளர் சிலர் கூறுவர். குருமடத்தில் நாமும் அவ்வாறே படித்தோம். சாக்காகவே இருக்கட்டும். ஒரு குடும்பத் தலைவன் சொன்ன சாக்குகளில் இதைவிட உண்மையான ஒன்றை நாம் கேட்டதில்லை.

இவையெல்லாம் நினைவுக்கு வரக் காரணம், நம் பங்கைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரும் அவர் துணைவியாரும். மகன் அட்லாண்டாவில் இருக்கிறார். பேரப்பிள்ளைகளில் பெரியவளுக்கு ஐந்து வயது, சிறியவனுக்கு இரண்டரை. அவனுக்கு மூன்று நிறையுமுன் போய்வந்தால் ஒரு சீட்டு மிச்சம் என்பதால் வரும் ஜனவரி இறுதிக்கு நாள் குறிக்கப்பட்டது. காலம் நல்ல காலமே. ஜூன் முதல் செப்டம்பர் வரை அங்கே புழுக்கமும் பிற்பகல் இடிமழையும் வாட்டும். கிறிஸ்துமஸ் வாரத்திலோ கூட்டம் நெருக்கும். குறை காலத்தில் இல்லை. மகன் அனுப்பிய அட்டவணையில் இருந்தது. காலை ஏழு மணி முதல் இரவு வாணவேடிக்கை வரை, இடைவெளியின்றி நான்கு நாட்கள்.

ஆசிரியரோ எழுந்தேற்றத்தின்போது முழந்தாளிடுவதை விட்டு ஓராண்டாகிறது. இதைப் பலிபீடத்தில் நிற்கும் நாம் அறிவோம், மகன் அறியார். "மவன் இம்புட்டுச் செலவழிச்சுட்டான் சாமி. முட்டுவலின்னு சொன்னா மனசொடிஞ்சு போவான்" என்றார் ஆசிரியர். அந்த வாரமே மகன் தொலைபேசியில் அழைத்து, "அப்பா நல்லா நடக்காங்கல்ல சாமி? கேட்டா எல்லாம் நல்லா இருக்குன்னுதான் சொல்லுதாங்க" என்றார். ஒருவர் மனம் நோகாதிருக்க மற்றவர் மறைப்பது நம் குடும்பங்களில் பழகிப்போன அன்பு. இதில் தூது செல்ல நமக்கு விருப்பமில்லை. எனவே பங்கு இல்லத்திலேயே எல்லாரையும் கைப்பேசித் திரையின் முன் அமரச் செய்தோம்.

முதல் பத்து நிமிடம் வானிலை பற்றியே பேசினார்கள். முடிச்சை அவிழ்த்தவர் மருமகள். "மாமா, சின்னவன் மத்தியானம் தூங்கலைன்னா சாயங்காலம் எங்க எல்லாரையும் அழவச்சிருவான். மதியம் நீங்க அவன்கூட ரூமுக்கு வந்து படுத்தீங்கன்னா எனக்கு ஒத்தாசையா இருக்கும்" என்றார். மாமனாரின் வலியை அவர் முன்னமே கண்டுகொண்டாரா, உண்மையாகவே உதவி கேட்டாரா என்பது நமக்குத் தெரியவில்லை. ஆசிரியரின் முகம் மலர்ந்தது. அதன்பின் முழங்கால் பற்றிய பேச்சு தானாகவே வந்தது. மகன் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை.

அட்டவணை திருத்தப்பட்டது. பூங்காவிற்கு இரண்டே நாள்; நடுவில் ஒரு நாள் ஓய்வு. காலையில் வாயில் திறக்கும் வேளையில் நுழைந்து, நண்பகலில் அறைக்குத் திரும்பி, வெயில் தாழ்ந்தபின் விருப்பமுள்ளோர் மீண்டும் செல்வது. முதன்மைப் பூங்காவில் வண்டி நிறுத்துமிடத்திலிருந்து வாயிலை அடையவே படகிலோ ஒற்றைத் தண்டவாள ரயிலிலோ ஏரியைக் கடக்க வேண்டும். ஆகவே அந்நேரத்தையும் கணக்கிட்டனர். பெரியவளும் 44 அங்குல உயரம் எட்டாததால் வேகமான சவாரிகளில் சில அவளுக்கில்லை. சிறுபிள்ளையோடு ஒருவர் வெளியே நிற்க மற்றவர் ஏறி, பிறகு மீண்டும் முழு வரிசையில் நில்லாமலே இடம் மாறிக்கொள்ளும் வசதி அங்குண்டு. அதைக் கணவனும் மனைவியும் தங்களுக்குள் வைத்துக்கொள்வது என்றும், அம்மாவைக் காவலுக்கு நிறுத்துவதில்லை என்றும் முடிவாயிற்று. அந்தச் சேலையுடுத்திய தாயின் கதையை நாம் சொன்னதும் அதற்கு ஒரு காரணமாயிருக்கலாம்.

மூன்று தலைமுறையும் ஒன்றாக அமரக்கூடியவையே முதலில் எழுதப்பட்டன. பூங்காவைச் சுற்றிவரும் நீராவி ரயில் ஒன்று. 1964-இல் நியூயார்க் உலகக் கண்காட்சியில் ஐ.நா. குழந்தைகள் நிதியத்தின் அரங்கிற்காக முதலில் அமைக்கப்பட்டு, பல நாட்டுப் பொம்மைகள் பாடும் படகுச் சவாரி மற்றொன்று. 1917-இல் செய்யப்பட்ட பழைய குதிரை ராட்டினமும் உண்டு. குதிரையேற இயலாதவர் அமரத் தேர்போன்ற ஓர் இருக்கை அதில் இருக்கிறது. "எங்க அப்பா பிறந்த வருசத்து ராட்டினமா!" என்று ஆசிரியர் வியந்தார்.

சக்கர நாற்காலிதான் சற்றுத் தொல்லை தந்தது. வாடகைக்கு அங்கேயே கிடைக்கும் என்றதும், "நான் என்ன நோயாளியா?" என்றார். வகுப்பறையில் நாற்பதாண்டுகள் நின்றே பாடம் நடத்தியவருக்கு அது இழிவாகப் பட்டது. நாம் வற்புறுத்தவில்லை. "நடக்கிற வரை நடங்க, வலிச்சா உட்காருங்க" என்று அம்மையார் முடித்துவைத்தார். இன்சுலினை முதலுதவி நிலையத்தில் குளிரில் வைத்துத் தருவார்கள் என்பது அவருக்குப் பெரிய ஆறுதல். பயணக் காப்பீட்டில் முன்பே உள்ள நோய்களுக்கு என்ன வரம்பு என்பதை வரிவிடாமல் படிக்கும் பொறுப்பை மகன் ஏற்றார். காணாமல்போகும் பிள்ளையைப் பற்றியும் பேசினோம். எருசலேமில் ஒரு நாள் பயணத்திற்குப் பிறகே தேடத் தொடங்கிய பெற்றோரை எண்ணினால் யாரையும் குறைசொல்ல இயலாது. பிள்ளைகளின் கையில் மட்டுமன்றிப் பாட்டியின் கைப்பையிலும் தொலைபேசி எண் இருக்கவேண்டும் என்றோம்.

ஓய்வு நாள் ஞாயிறாக அமைந்தது. பூங்காக்களுக்கு அருகிலேயே, சுற்றுலா வருவோருக்கென எழுப்பப்பட்ட அகிலத்தின் அரசி அன்னை மரியா பேராலயம் இருக்கிறது. 2009-இல் பசிலிக்காவாக உயர்த்தப்பட்டது. அங்கே திருப்பலி கண்டுவிட்டு, பிறகு நீச்சல் குளத்தில் பிள்ளைகள் விளையாட மற்றவர்கள் ஒன்றும் செய்யாதிருப்பது என்று எழுதிக்கொண்டனர். 'ஒன்றும் செய்யாதிருப்பது' என்பதை மகன் அட்டவணையில் ஒரு கட்டத்திலேயே குறித்துவைத்தார்.

எழுந்து செல்லும்பொழுது அம்மையாருக்கு ஓர் ஐயம் மீதமிருந்தது. புளிச்சாதத்தை வாயிலில் தடுப்பார்களா? தடுக்கமாட்டார்கள், மதுவும் கண்ணாடிப் பாத்திரமும் ஆகாது, சூடாக்கத் தேவையில்லாத உணவைக் கொண்டுசெல்லலாம் என்றோம். "அப்ப புளிக்காய்ச்சலை இங்கேயிருந்தே செஞ்சு கொண்டுபோயிரலாம்" என்று கணவரிடம் சொல்லிக்கொண்டே அம்மையார் படியிறங்கினார். ஆசிரியர் கைப்பிடியைப் பற்றியபடி ஒவ்வொரு படியாக இறங்கிவரும்வரை, கீழே நின்று நல்லெண்ணெய் எவ்வளவு வேண்டும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.