ஹிப்ழுக்கு எங்கே சேர்ப்பது?

மாற்றலில் கொல்கத்தா வந்து இது மூன்றாவது வருடம். மகனுக்குப் பத்து வயது. பேரனை ஹாபிழாகப் பார்க்க வேண்டுமென்பது உம்மாவின் ஆசை. 114 சூரா, 30 ஜுஸ்வு, அத்தனையும் மனப்பாடம். சின்னக் காரியமா?

நாகோதா பள்ளியில் ஜும்ஆ முடிந்து நாலு பேரிடம் விசாரித்து, இரண்டு விடுதி மதரஸாக்களைப் பார்த்தேன். வங்கிக்காரன் புத்தி போகுமா? லோன் கேட்டு வந்தவரைக் குடைவது போலக் குடைந்தேன். ஓர் உஸ்தாதுக்கு எத்தனை பிள்ளைகள்? புதுப் பாடமான சபக் போக, பழைய பாடத்தையும் தினமும் கேட்பார்களா? கேட்காவிட்டால் ஓதியது மறந்துபோகும். கணக்கு, இங்கிலீஷ் உண்டா? அடிப்பார்களா?

கடைசிக் கேள்விக்கு மட்டும் ஓரிடத்தில் சிரிப்புதான் பதில்.

இரவு மனைவி கேட்டாள்: "ஏங்க, அங்கே எல்லாம் உருது. காய்ச்சல் வந்தா புள்ள யார்கிட்ட தமிழ்ல சொல்லும்?"

மகனிடமே கேட்டேன். "ஓதுறேன் வாப்பா. ஆனா ராத்திரி வீட்டுக்கு வந்துடலாம்ல?"

முடிவு செய்துவிட்டேன். விடுதி வேண்டாம். பகலில் ஸ்கூல், மாலையில் பக்கத்துப் பள்ளிவாசலில் ஹிப்ழு. மூன்று வருடத்தில் முடிவது ஆறு வருடம் ஆகலாம். தயங்கித் தயங்கி உம்மாவிடம் போனில் சொன்னேன்.

"அதனாலென்ன வாப்பா, குர்ஆன் இறங்கி முடியவே 23 வருஷம் ஆச்சே" என்றார்கள்.