இரட்டைப் பிள்ளையும் எட்டு மாசக் கதையும்

வயிற்றில் இரட்டை என்று ஸ்கேனில் தெரிந்தால் முதலில் சந்தோஷம். அடுத்த நிமிஷமே ஆளுக்கொரு யோசனை! என் அண்ணன் மகளுக்கு அப்படித்தான் ஆயிற்று. "ஒட்டு வாழைப்பழம் தின்னியாடி?" என்று ஒரு பாட்டி. "இனிமே கட்டிலை விட்டு இறங்காதே" என்று ஒரு மாமி. "ஏழுல பொறந்தா தங்கும், எட்டுல பொறந்தா தங்காது" என்று இன்னொருவர், அதுவும் அந்தப் பெண் காதில் விழும்படி! தாயாருக்கே 'என்னைப் பெற்ற தாயார்' என்று பெயர் விளங்கும் எங்கள் திருநின்றவூரில் பேசுகிற பேச்சா இது?

அந்த எட்டு மாசக் கதையில் உண்மையே கிடையாது. உள்ளே இருக்கும் ஒவ்வொரு வாரமும் பிள்ளைக்கு லாபம்தான். 30 வாரத்தில் பிறப்பதைவிட 34 வாரத்தில் பிறக்கும் குழந்தைக்கு நுரையீரல் பலம் அதிகம், உறிஞ்சிக் குடிக்கும் சக்தியும் அதிகம். 37 வாரத்துக்கு முன் பிறந்தால் குறைமாதம் என்கிறார்கள். இரட்டையரில் பாதிக்கு மேல் அப்படித்தான் பிறக்கிறார்கள். மூன்று என்றால் இன்னும் சீக்கிரம். டெஸ்ட் டியூப் சிகிச்சைக்குப் போகிறவர்கள் 'ஒரே செலவில் இரண்டு' என்று ஆசைப்படாமல், ஒரு கரு மட்டும் வைத்தால் போதுமா என்று டாக்டரைக் கேட்பது நல்லது.

படுத்தே கிடந்தால் பிரசவம் தள்ளிப்போகும் என்பதும் சரியில்லை. ஆராய்ந்து பார்த்ததில் பலன் தெரியவில்லை. கால் ரத்தக் குழாயில் ரத்தம் உறையும் ஆபத்துதான் மிச்சம். தண்ணீர்க் குடம் தூக்குவதும், நெரிசலில் நின்றபடி சென்ட்ரல் வரை ரயிலில் போவதும் வேண்டாம். மற்றபடி டாக்டர் தடுக்காத வரை வீட்டுக்குள் நடமாடட்டுமே! கர்ப்பவாயில் தையல் போடுவதும், ஹார்மோன் மருந்து வைப்பதும்கூட இரட்டை என்பதற்காகவே எல்லோருக்கும் செய்வதில்லை. கர்ப்பவாய் குட்டையாகிவிட்டது என்று ஸ்கேனில் தெரிந்தால் டாக்டர் முடிவு செய்வார்.

முக்கியமானது 11 முதல் 14 வாரத்துக்குள் எடுக்கும் ஸ்கேன். நஞ்சு ஒன்றா, இரண்டா என்று அப்போதுதான் தெளிவாகத் தெரியும். இரண்டு பிள்ளைக்கும் ஒரே நஞ்சு என்றால் ஒன்றின் ரத்தம் மற்றதற்குப் போய்விடக்கூடும். ஆகவே 16-ஆவது வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஸ்கேன் பார்ப்பார்கள். ரத்த அழுத்தம் ஏறாமலிருக்கச் சிலருக்குக் குறைந்த அளவு ஆஸ்பிரின் தருவதுண்டு. நாமாக வாங்கிப் போடக்கூடாது. நீர்க்கடுப்பு இருந்தால் இளநீரோடு நிறுத்தாமல் சிறுநீர்ப் பரிசோதனை செய்யுங்கள். முருங்கைக்கீரை சாப்பிட்டாலும் இரும்புச்சத்து மாத்திரையை விடாதீர்கள். அதைக் காபி, டீயோடு விழுங்குவதில் பிரயோஜனமில்லை.

எங்கள் பெண்ணுக்கு 31-ஆவது வாரத்தில் ராத்திரி இடுப்பு வலி. விட்டு விட்டு வந்தது. "சூட்டு வலி, சீரகத் தண்ணி குடு" என்றார்கள். அண்ணி யாரையும் கேட்கவில்லை, 108-ஐக் கூப்பிட்டுவிட்டார். முதலில் போன இடத்தில் குறைமாதக் குழந்தைக்கு வசதி இல்லையாம்; பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே வலியை நிறுத்தி வைத்து, பிள்ளைகளின் நுரையீரல் பலப்பட ஸ்டீராய்டு ஊசி போட்டார்கள். நியூசிலாந்தில் லிகின்ஸ், ஹோவி என்ற இரு டாக்டர்கள் 1972-இல் வெளியிட்ட கண்டுபிடிப்பு இது. லிகின்ஸ் முதலில் ஆட்டுக்குட்டிகளிடம் பார்த்தாராம்! விலை குறைந்த ஊசிதான். ஆனால் முழுப் பலன் தர ஒன்றிரண்டு நாள் வேண்டும். தலை தெரிகிற நேரத்தில் ஓடினால் ஊசிக்கு அவகாசம் ஏது? எங்களுக்குப் பன்னிரண்டு நாள் கிடைத்தது. ஒன்றே முக்கால் கிலோவுக்கும் குறைவாக இரண்டு பெண்கள். கங்காரு மாதிரி மார்போடு அணைத்து வைக்கச் சொன்னார்கள். தாய்க்குக் கை ஓய்ந்தபோது மாப்பிள்ளை சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார்!

வயிறு அடிக்கடி கல் மாதிரி இறுகுவது, விட்டு விட்டு இடுப்பு வலி, அடிவயிற்றில் கனம், நீர் கசிவது, ரத்தம் படுவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக்கூடாது. குறைமாதக் குழந்தைக்கான தீவிர சிகிச்சை எங்கே இருக்கிறது என்று ஆறாம் மாதத்திலேயே விசாரித்து வையுங்கள். 1844-இல் தொடங்கிய எழும்பூர் பிள்ளைப்பேறு ஆஸ்பத்திரி நம் பக்கத்தவர்களுக்குத் தெரிந்ததுதான். ஸ்கேன் காகிதங்களை ஒரே பையில் போட்டுக் கதவருகே மாட்டுங்கள். மூத்த பிள்ளை இருந்தால், ராத்திரியில் யாரிடம் விடுவது என்பதையும் இப்போதே பேசிவிடுங்கள்.