போர்பன் அருந்துவோரின் சொற்கள்

கென்டக்கி மாநிலத்து லூயிவில் நகரில், ஒரு வீட்டுச் சமையலறை மேசையைச் சுற்றி ஐந்தாறு பேர் கூடுகிறார்கள். ஆளுக்கொரு புட்டி கொண்டு வந்திருக்கிறார்கள். அடி பருத்து வாய் குறுகிய சிறு கண்ணாடிக் கோப்பைகளில் சில மிடறுகள் மட்டும் ஊற்றப்படுகின்றன. ஒருவர் முகர்ந்துவிட்டுச் "செர்ரி" என்கிறார். "பழம் இல்லை, பழத்தின் கொட்டை" என்று அடுத்தவர் திருத்துகிறார். மூன்றாமவருக்குப் பழைய தோல் நாற்காலி நினைவுக்கு வருகிறது. யாரும் சிரிப்பதில்லை, தலையசைத்து மறுபடியும் முகர்ந்து பார்க்கிறார்கள். போர்பன் விஸ்கியை நேசிப்போர் அமெரிக்காவெங்கும் இப்படிக் கூடிப் பகிர்ந்து ஒப்பிடுகிறார்கள். கோப்பையில் உள்ளதைவிட அதிகமாகக் கைமாறுவது சொற்கள்தாம்.

அவர்கள் ஒப்பிடும் பொருள் சட்டத்தால் மிக இறுக்கமாக வரையறுக்கப்பட்டது. மூலத் தானியத்தில் குறைந்தது 51 விழுக்காடு மக்காச்சோளமாக இருக்க வேண்டும். வடித்தெடுக்கும்போது மதுசாரம் 80 விழுக்காட்டையும், பீப்பாயில் ஊற்றும்போது 62.5 விழுக்காட்டையும் தாண்டக் கூடாது. பீப்பாய் புதிய ஓக் மரத்தால் ஆனதாய், உட்புறம் நெருப்பில் கருக்கப்பட்டதாய் இருக்க வேண்டும். நிறமோ மணமோ வெளியிலிருந்து சேர்க்கக் கூடாது. 1964இல் அமெரிக்க நாடாளுமன்றம் இதைத் தன் நாட்டுக்கே உரிய பொருளாக அறிவித்தது. இவ்வளவு வேலிகளுக்குள் ஒரு புட்டிக்கும் இன்னொன்றுக்கும் வேறுபாடு எழ மிஞ்சியிருப்பவை சிலவே: மீதித் தானியம் ரையா கோதுமையா என்பது, ஈஸ்ட், ஆண்டுகள், கிடங்கில் பீப்பாய் வெப்பம் மிகுந்த மேல்தளத்தில் கிடந்ததா குளிர்ந்த கீழ்த்தளத்தில் கிடந்ததா என்பது. வேறுபாடு நுண்ணியதாக ஆக, அதைச் சுட்டும் சொற்கள் பெருகுகின்றன.

அச்சொற்கள் எல்லாம் ஒரே இனத்தவை அல்ல. "வனிலா" என்று ஒருவர் சொல்லும்போது அவர் உவமை சொல்லவில்லை. கருகிய ஓக் மரத்தின் லிக்னின் சிதைந்து வனிலின் உண்டாகிறது. வனிலாக் காயின் மணத்துக்குக் காரணமான அதே மூலக்கூறு. தேங்காய் மணத்துக்கும் ஓக் மரத்தின் லாக்டோன்கள் என்னும் வேதிப்பொருள்கள் பொறுப்பு. தோல் நாற்காலி அப்படியன்று. அது சொல்பவரின் நினைவிலிருந்து, ஒருவேளை தாத்தாவின் அறையிலிருந்து எடுத்துவரப்படுவது. ஆனால் வாக்கியத்தில் இரண்டும் ஒரே இலக்கண வடிவில் அருகருகே நிற்கின்றன. எது பெயர், எது உவமை என்று கேட்பவரால் பிரிக்க இயலாது. சொல்பவராலும் இயலாது என்றே தோன்றுகிறது.

இதற்கு நேர் எதிரான ஒரு மொழியும் இதே மேசையில் புழங்குகிறது. ஃபோர் ரோசஸ் என்னும் வடிசாலை இரண்டு தானியக் கலவைகளையும் ஐந்து ஈஸ்ட் வகைகளையும் பயன்படுத்திப் பத்து வகை போர்பன்களைச் செய்கிறது. ஒவ்வொன்றுக்கும் நான்கெழுத்துக் குறியீடு உண்டு: ஓ-பி-எஸ்-வி, ஓ-ஈ-எஸ்-கே என்பன போல. முதலெழுத்து வடிசாலையையும் மூன்றாமெழுத்து வடிப்பு வகையையும் குறிக்கின்றன. இவ்விரண்டும் மாறுவதே இல்லை. இரண்டாமெழுத்து 'பி' எனில் ரை 35 விழுக்காடு, 'ஈ' எனில் 20. நான்காவது எழுத்து ஈஸ்ட். ஆக, வேறுபாடு காட்டும் இடங்கள் இரண்டே. மற்ற இரண்டும் வெறும் ஒலிநிரப்பிகள். மொழியியல் முதலாண்டு மாணவருக்கு உருபன் பகுப்பாய்வு கற்பிக்க இதைவிடத் தூய்மையான தரவு கிடைப்பது அரிது. 'கே' என்றதும் மெல்லிய காரத்தையும் 'கியூ' என்றதும் மலர் மணத்தையும் எதிர்பார்க்கப் பழகிய நாவுகள் இருக்கின்றன. இங்கே நாற்காலி இல்லை, தாத்தா இல்லை. ஆயினும் குறியீட்டை மட்டும் சொல்லிவிட்டு யாரும் நிறுத்திக்கொள்வதில்லை. எழுத்துகளைச் சொல்லி முடித்ததும் பழத்துக்கும் மலருக்கும் திரும்பிவிடுகிறார்கள்.

இந்தச் சொற்கள் உண்மையில் எதையாவது கடத்துகின்றனவா? ஏட்ரியன் லேரர் என்னும் அமெரிக்க மொழியியலாளர் திராட்சை மதுவைக் குறித்து இதே கேள்வியைக் கேட்டார். 1983இல் வெளிவந்த அவருடைய நூல் அந்த ஆய்வுகளைத் தொகுக்கிறது. ஒருவர் எழுதிய வருணனையைக் கொண்டு மற்றவர் அந்த மதுவை அடையாளம் காண முயன்றபோது, சாதாரணமாக அருந்துவோரின் வெற்றி தற்செயலைவிடப் பெரிதாக உயரவில்லை. ஆனால் அவர்கள் பேசுவதை நிறுத்தவுமில்லை, தமக்குள் புரிந்துகொண்டோம் என்ற நம்பிக்கையை இழக்கவுமில்லை. போர்பன் மேசைக்கும் இது பொருந்தாமல் இருக்கக் காரணமில்லை.

இது மனித மூக்கின் குறையும் அன்று. மலாய்த் தீபகற்பத்தின் ஜஹாய் மக்களிடம் அசிஃபா மஜித், நிக்லாஸ் புரன்ஹுல்ட் ஆகியோர் நடத்தி 2014இல் வெளியிட்ட ஆய்வில், ஜஹாய் மொழியினர் மணங்களை நிறங்களைப் போலவே எளிதாகவும் ஒருமித்தும் பெயரிட்டார்கள். ஆங்கிலம் பேசுவோர் அதே மணங்களுக்கு நீண்ட, ஒன்றோடொன்று ஒவ்வாத விளக்கங்களைத் தந்தார்கள். ஜஹாயில் மணத்துக்கென்றே தனிச் சொற்கள் உண்டு. அவை வாழைப்பழத்தையோ நாற்காலியையோ கடன் வாங்குவதில்லை. தமிழ் இடையில் எங்கோ நிற்கிறது. கவிச்சி, காந்தல், முடை என்று சில தனிச் சொற்கள் நம்மிடமும் உள்ளன. பீப்பாயில் நெடுங்காலம் கிடந்த போர்பனின் நாவைச் சுருக்கும் உணர்வுக்கு ஆங்கிலத்தில் "உலர்ந்தது", "மரம் மிஞ்சியது" என்று சுற்றி வளைக்கிறார்கள். துவர்ப்பு என்ற சொல் அந்த மேசையில் இருந்திருந்தால் பல வாதங்கள் அரை நிமிடத்தில் முடிந்திருக்கும். (அது சுவையன்று, தொடுவுணர்வு என்று உடலியலார் சொல்வர், பாக்கு மென்றவர் இருசாராரையும் பொறுத்துக்கொள்வர்.)

சொல் பொருளைச் சரியாகக் கடத்தாவிட்டாலும் வேறொன்றைச் செய்கிறது: விலையை நகர்த்துகிறது. பாப்பி வான் விங்கிள் என்ற கோதுமை போர்பனின் 23 ஆண்டுப் புட்டி மறுவிற்பனையில் ஆயிரக்கணக்கான டாலருக்குப் போகிறது. அதே பஃபலோ டிரேஸ் வடிசாலையில் உருவாகும் இன்னொரு கோதுமை போர்பன் வெல்லர். ஒரு காலத்தில் கடை அலமாரியில் தூசி படிந்து கிடந்தது. அருந்துவோர் அதற்கு அன்புடன் "ஏழையின் பாப்பி" என்று பெயரிட்டார்கள். தெரிந்த நல்ல செய்தியைப் பலரோடு பகிரும் பெருந்தன்மையில் பிறந்த தொடர் அது. தொடர் பரவியது, அலமாரி காலியாயிற்று, ஏழைக்கு வெல்லரும் எட்டாமற் போயிற்று. புகழைத் துரத்திப் புட்டிகளைப் பூட்டி வைப்போரை இன்று அதே கூட்டம் "உருளைக்கிழங்குகள்" என்று ஏளனம் செய்கிறது. அந்தக் கிழங்குகளுக்கு நீர் ஊற்றியதில் தம் சொல்லுக்கும் பங்குண்டு என்பதை ஏளனம் செய்வோர் அரிதாகவே நினைக்கிறார்கள்.

நாவைவிடச் சொல் வலிது என்பதற்கு 2013 பிப்ரவரியில் நடந்ததும் சான்று. மேக்கர்ஸ் மார்க் நிறுவனம் தன் போர்பனின் மதுசாரத்தை 45 விழுக்காட்டிலிருந்து 42 ஆகக் குறைப்பதாக அறிவித்தது. சுவையில் மாற்றம் தெரியாது என்றும் உறுதி கூறியது. வாடிக்கையாளர்கள் கொதித்தெழுந்தார்கள்; ஏறத்தாழ ஒரு வாரத்தில் முடிவு திரும்பப் பெறப்பட்டது. அவர்களில் பெரும்பாலோர் அந்த 42ஐச் சுவைத்தே பார்த்திருக்க முடியாது.

ஆகவேதான் இவர்களில் சிலர் ஒரு வழக்கத்தைக் கைக்கொண்டிருக்கிறார்கள். நண்பருக்குக் கொடுக்கும் மாதிரிக் குப்பியில் பெயர் எழுதுவதில்லை; ஓர் எண் மட்டும் ஒட்டுகிறார்கள். பெறுபவர் முகர்ந்து, அருந்தி, தன் குறிப்பை எழுதி அனுப்பிய பின்பே பெயர் சொல்லப்படும். விலையுயர்ந்த புட்டி மூன்றாம் இடத்துக்கு இறங்குவதும், எந்தக் கடையிலும் கிடைக்கும் சாதாரணப் புட்டி முதலிடத்துக்கு ஏறுவதும் அப்போது நிகழ்கின்றன. அப்படி நேர்ந்தால் பெறுபவர் சற்று நேரம் மௌனமாக இருந்துவிட்டு, குப்பியில் மீந்த சில துளிகளை மறுபடியும் முகர்ந்து பார்ப்பார். இம்முறை பெயர் தெரிந்துவிட்டது. குறிப்பேட்டில் முன்பு எழுதியதன் கீழே இன்னொரு வரி சேர்கிறது.