வரிசை இல்லாத ரோடு

திருவொற்றியூர்,
சித்திரைக் கடைசி வாரம்.

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

சங்ககிரியில் லோடு சுத்தமாக இல்லை, மெட்ராஸுக்கு வந்து டிரெய்லர் ஓட்டலாமா என்று கேட்டிருந்தாய். போனில் சொன்னால் பாதியிலேயே "சரி சரி" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம். எழுத நேரம் தாராளமாக இருக்கிறது. இங்கே லோடு எப்படி என்பது அதிலேயே உனக்குத் தெரிந்திருக்கும்.

மார்ச் மாதம் வந்திருந்தால் நீ வேறு ஊரைப் பார்த்திருப்பாய். கணக்கு முடிக்கிற மாதம். 31ஆம் தேதிக்குள் சரக்கை வெளியே தள்ளிவிட வேண்டும் என்று எல்லாக் கம்பெனியும் துடிக்கும். காசிமேடு பக்கம் ஹார்பரின் ஜீரோ கேட்டில் தொடங்கும் வண்டி வரிசை, எண்ணூர் விரைவுச் சாலையில் கடலோரமாகவே திருவொற்றியூர் வரை நீளும். ஒரு பக்கம் கல் கொட்டிய கரை, மறுபக்கம் வீடுகள், நடுவில் நாம். குளிக்க இடமில்லை, ஒதுங்க இடமில்லை. தூங்கவும் முடியாது, முன்வண்டி நகர்ந்தால் பின்வண்டிக்காரன் ஹாரனிலேயே எழுப்பிவிடுவான். அந்த வரிசையை நான் திட்டாத திட்டில்லை.

ஏப்ரல் பிறந்தது, எல்லாம் வடிந்துவிட்டது. போன வாரம் மணலியிலிருந்து கேட் வரைக்கும் எங்கேயும் நிற்காமல் வந்தேன். "என்னப்பா, இவ்ளோ சீக்கிரம் வந்துட்ட?" என்று கேட்டில் இருந்தவர் கேட்கிறார். ரோடு காலியாக இருந்தால் டிரைவருக்குச் சந்தோஷம் வர வேண்டும். எனக்கு வயிற்றைக் கலக்கியது.

ஆனால் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன் மாப்பிள்ளை. இங்கே பேட்டா டிரிப்புக்குத்தான், நாளுக்கு இல்லை. நெரிசல் காலத்தில் ஒரு டிரிப் முடிக்க இரண்டு நாள். மந்த காலத்தில் இரண்டு நாளைக்கு ஒரு டிரிப். கைக்கு வருவது ஏறக்குறைய ஒன்றுதான். வித்தியாசம், அப்போது கேட்டுக்கு வெளியே காத்திருந்தோம், இப்போது ஷெட்டில் காத்திருக்கிறோம். மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் என்று 1961லேயே ஒன்று போட்டார்கள். ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் வேலை என்று அதில் இருந்தது. அந்தச் சேதி ஜீரோ கேட்டுக்கு இன்னும் வந்து சேரவில்லை.

ஊர் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன், வந்தால் குழம்ப மாட்டாய். துறைமுகம் என்றால் ஒன்றில்லை, மூன்று. தெற்கே பழைய மெட்ராஸ் ஹார்பர். நாட்டின் முதல் தனிக் கன்டெய்னர் முனையம் 1983ல் அங்கேதான் வந்தது. வடக்கே எண்ணூரில் காமராஜர் துறைமுகம், 2001ல் அனல் மின்நிலையத்துக்கு நிலக்கரி இறக்கவென்று தொடங்கியது. இப்போது காரும் கன்டெய்னரும்கூட அங்கே போகின்றன. அதற்கும் வடக்கே காட்டுப்பள்ளி. முன்பு நிலக்கரி பழைய ஹார்பரிலும் இறங்கிக்கொண்டிருந்தது. கரித்தூசி தாங்காமல் ஜனங்கள் வழக்குப் போட்டு, ஐகோர்ட் உத்தரவால் 2011ல் அது எண்ணூருக்குப் போனது. ராயபுரத்துக்காரர் மூச்சு விட்டார், எண்ணூர்க்காரர் இருமினார். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து படிந்ததும் எண்ணூர் கழிமுகத்தில்தான்.

ஹார்பருக்கும் மதுரவாயலுக்கும் நடுவே மேம்பாலமாக ரோடு போடுகிற கதை உனக்கும் தெரியும். 2009ல் அடிக்கல் நாட்டி, நடுவில் நின்று, கூவத்தில் தூண்கள் பல வருஷம் மொட்டையாக நின்றன. 2022ல் ஈரடுக்குப் பாலம் என்று மறுபடி அடிக்கல். நம் பையன்கள் அதில் வண்டி ஓட்டட்டும்.

இனி வண்டி. எனக்குத் தந்திருப்பது 40 அடி பிளாட்பெட், 18 சக்கரம். மந்த காலத்தில் பிளாட்பெட் கிடைத்தது என் யோகம். ஸ்கெலட்டன் டிரெய்லரில் வெறும் சட்டம்தான். கன்டெய்னர் பெட்டி வந்தால் உண்டு, வராவிட்டால் அது ஷெட்டில் நிற்க வேண்டியதுதான். நமக்குத் தளம் இருக்கிறது. பெட்டி இல்லையா, இரும்புத் தகடு ஏற்று. தகடு இல்லையா, பைப் ஏற்று. ஏற்றுமதிக்கு வரும் கிரானைட் கல் ஏற்று. உனக்குத் தெரியாத லோடு காயில்தான். சுருட்டி வைத்த இரும்புத் தகடு, ஒன்றே 15, 20 டன்கூட இருக்கும். இரண்டு பக்கமும் மரக்கட்டையை ஆப்பாக அடித்து, நடு ஓட்டை வழியே சங்கிலி விட்டு, பைண்டர் போட்டு இறுக்க வேண்டும். பத்துக் கிலோமீட்டர் போனதும் இறங்கிப் பார், சங்கிலி கொஞ்சம் தளர்ந்திருக்கும், திரும்ப இறுக்கு. சோம்பல்பட்டு விட்டுவிட்டு எங்காவது சடன் பிரேக் அடித்தால், காயில் முன்னால் உருண்டு வந்து கேபினை அப்பளமாக்கிவிடும். நீ டேங்கர் ஓட்டினவன். உள்ளே அலம்புகிற சரக்கு உனக்குப் பழக்கம். இது அலம்பாது, காத்திருக்கும். இதற்கு வேறு பயம் பழக வேண்டும்.

காலி வண்டி ஓட்டுவது இன்னும் கஷ்டம். மணலி ரோட்டுக் குழியில் காலி டிரெய்லர் துள்ளுகிற துள்ளலில் பல் ஆடும். டீசல் செலவு, வரவு இல்லை. ஓனர் முகத்தைப் பார்க்க முடியாது. அவரைக் குறை சொல்லவும் மனசு வரவில்லை. நம் பக்கத்துக்காரர், திருச்செங்கோடு. வண்டி ஓடினாலும் நின்றாலும் டியூ கட்ட வேண்டும், இன்சூரன்ஸ் கட்ட வேண்டும். இருக்கிற டிரிப்பை டிரைவர்களுக்கு முறை வைத்துப் பிரித்துக் கொடுக்கிறார். சில இடங்களில் அதுவும் கிடையாது, "ஊருக்குப் போய்ட்டு போன் பண்றப்ப வா" என்று அனுப்பிவிடுகிறார்கள்.

சாயங்காலம் காசிமேடு பக்கம் நடந்துவிட்டு வருவேன். அங்கேயும் எல்லாம் நிற்கிறது. ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடை. விசைப்படகுகளைக் கட்டிப்போட்டு மராமத்து பார்க்கிறார்கள், பெயின்ட் அடிக்கிறார்கள், நிழலில் உட்கார்ந்து வலை பின்னுகிறார்கள். சின்ன ஃபைபர் படகு கொண்டுவருகிற மீன்தான். விலை கேட்டால் கருவாடே போதும் என்றாகிவிடும். எனக்குப் பொறாமை மீனில் இல்லை. அவர்கள் சும்மா இருக்கிற காலத்துக்குத் தேதி இருக்கிறது. குடும்பத்துக்கு அரசு நிவாரணமும் உண்டு. போதாது என்றுதான் அவர்கள் சொல்கிறார்கள், நியாயம்தான். நமக்கு எந்த ஜூன் 14 என்று யார் சொல்வது?

வெயில் வேறு. ஷெட்டில் நிற்கிற கேபினுக்குள் பகலில் இருக்க முடியாது. 2025 அக்டோபர் முதல் செய்கிற லாரிக்கெல்லாம் கேபினில் ஏசி கட்டாயம் என்று சட்டம் வந்திருக்கிறது. நம் வண்டி அதற்கு முன்னால் பிறந்தது. அது லேலண்ட் வண்டி. 1948ல் அசோக் மோட்டார்ஸ் என்று தொடங்கிய அந்தக் கம்பெனியின் பிறந்த வீடு இதே எண்ணூர்தான். தாய்வீட்டு வாசலில் வந்து நின்றும் அதற்கு ஒரு சீர் கிடைக்கவில்லை.

தங்கச்சி கோயில் குளம் ஏதாவது உண்டா என்று கேட்டதாக எழுதியிருந்தாய். வடிவுடையம்மன் இருக்கிறாள், வெள்ளிக்கிழமை கூட்டம் தாங்காது. கடலோரத்தில் பட்டினத்தார் சமாதி. கப்பல் வியாபாரம் செய்து, எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர் கடைசியில் வந்து சேர்ந்த இடம் இது. இன்றைக்கு அதைச் சுற்றி ஓடுவதெல்லாம் கப்பல் சரக்கு.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இப்போது வராதே. ஆவணியில் வா, தீபாவளிச் சரக்கும் கிறிஸ்துமஸ் ஏற்றுமதியும் அப்போதுதான் சூடு பிடிக்கும். வந்ததும் எந்த ஓனரிடம் பேசினாலும் டிரிப்புக்கு எவ்வளவு என்று முதலில் கேட்காதே. எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள், நானும் அதைத்தான் கேட்டேன். வண்டி நின்றால் என்ன தருவீர்கள் என்று கேள். பார்ட்டியிடம் ஹால்டிங் காசு வாங்கிக்கொண்டு டிரைவருக்குக் காட்டாத இடமும் உண்டு. அதைப் பேசி முடித்த பிறகு சாவியை வாங்கு.

சேலத்தில் ஏற்காடு எக்ஸ்பிரஸ் பிடித்தால் விடிகாலை சென்ட்ரல். அங்கேயே மெட்ரோ ஏறி, விம்கோ நகர் போகிற வண்டியா என்று பார்த்துக்கொள், திருவொற்றியூரில் இறங்கு. நான் டிரிப்பில் இருந்தால் ஷெட்டில் சொல்லி வைத்திருப்பேன். லைசென்ஸ் ரினீவல் எப்போது என்று பார்த்துவிட்டுக் கிளம்பு. தங்கச்சியிடம் சொல்லி ஒரு பாட்டில் பூண்டு ஊறுகாய் கொண்டு வா, பெரிய பாட்டிலாக.

உன்
மச்சான்