நிறுவனமே துன்புறுத்தும்போது: பிரான்ஸ் டெலிகாம் வழக்கின் நாட்குறிப்பு

17 ஜனவரி 2002

பணியாளரின் மாண்பையோ உடல், மன நலத்தையோ குலைக்கத்தக்க வகையில் வேலைச் சூழலைச் சீர்கெடுக்கும் தொடர்செயல்களை ‘மனத் துன்புறுத்தல்’ என வரையறுத்து, அதற்கு ஓராண்டுச் சிறையும் 15,000 யூரோ அபராதமும் விதிக்க வழிசெய்யும் சட்டம் பிரான்சில் இன்று பிறந்துள்ளது. ஒருவர்மீது வாரம் ஒரு முறையேனும், ஆறு மாத காலமேனும் தொடரும் பகைச்செயல்களே பணியிடத் துன்புறுத்தல் என்று சுவீடனில் ஆய்வு செய்த உளவியலாளர் ஹைன்ஸ் லைமன் முன்பே வகுத்திருந்தார். முகங்கொடுத்துப் பேசாதிருத்தல், புறங்கூறுதல், தகுதிக்குக் கீழான வேலை தருதல், வேலையே தராமல் உட்கார வைத்தல் முதலியவை தனித்தனியே நோக்க அற்பமாகத் தோன்றினும், நாள்தோறும் சேரச்சேர ஒருவரை நிலைகுலையச் செய்கின்றன.

20 அக்டோபர் 2006

2004இல் அரசின் பங்கு பாதிக்கும் கீழே குறைந்த பிரான்ஸ் டெலிகாம் என்னும் தொலைத்தொடர்பு நிறுவனம், மூன்றாண்டுகளில் 22,000 பேரை வெளியேற்றவும் 10,000 பேரை வேறு பணிகளுக்கு மாற்றவும் திட்டமிட்டுள்ளது. ஊழியர்களுள் பெரும்பாலோர் அரசு ஊழியர் தகுதியைத் தக்கவைத்திருப்பதால் அவர்களைப் பணிநீக்கம் செய்ய இயலாது. எனவே, அவர்கள் தாமாகவே விலகும்படி செய்தாக வேண்டும். கதவு வழியாகவோ ஜன்னல் வழியாகவோ அவர்களைப் போகச்செய்யப்போவதாகத் தலைவர் திதியே லொம்பார் இன்று மூத்த அலுவலர் கூட்டத்தில் கூறியுள்ளார். ஆட்குறைப்பு இலக்கு மேலாளர்களின் ஊதியத்தோடு பிணைக்கப்படுவதால், தம் கீழ்ப் பணிபுரிவோரை நெருக்குவது அவர்களுடைய அன்றாடக் கடமையாகிவிடுகிறது.

ஜூலை 2009

தம் உயிரை மாய்த்துக்கொண்ட ஊழியர் ஒருவர், அதற்கு வேலையே ஒரே காரணம் என எழுதிவைத்துச் சென்றுள்ளார். இந்நிறுவனத்தில் இத்தகைய மரணங்கள் தொடர்கின்றன. கைத்திறனால் மதிக்கப்பட்ட தொழில்நுட்பர் அழைப்பு மையத்தில் அமர்த்தப்பட்டு, எழுதித் தந்த வாசகங்களை ஒப்பிக்க நேரும்போது, அவர் இழப்பது பதவியை மட்டுமன்று. பல்லாண்டு உழைப்பால் தம்மைப் பற்றித் தாம் கொண்டிருந்த மதிப்பையும் இழக்கிறார். உறக்கமின்மை, பதற்றம், மனச்சோர்வு என நோய் வளர, குறை தம்மிடமே உள்ளதென்று பாதிக்கப்பட்டவர் நம்பத் தொடங்குவதே இக்கொடுமையின் மிக ஆழமான விளைவு. அடுத்த இலக்கு தாமாகிவிடுவோமோ என்று அஞ்சிச் சக பணியாளர்கள் ஒதுங்கிக்கொள்வதால், ஆறுதல் வேண்டியவர் மேலும் தனிமைப்படுகிறார்.

20 டிசம்பர் 2019

உயிரிழந்த 19 பேர், உயிர்துறக்க முயன்ற 12 பேர், மனச்சோர்வுக்கோ நோய்விடுப்புக்கோ ஆளான 8 பேர் என 39 ஊழியர்களின் நிலையை ஆராய்ந்த பாரிஸ் குற்றவியல் நீதிமன்றம், நிறுவனத்துக்கு 75,000 யூரோ அபராதமும், லொம்பார் உள்ளிட்ட மூன்று உயர் நிர்வாகிகளுக்கு ஓராண்டுச் சிறையும் விதித்து, அத்தண்டனையில் எட்டு மாதங்களை நிறுத்திவைத்துள்ளது. ஆட்களைக் குறைப்பது நிர்வாகத்தின் உரிமை எனினும், அச்சத்தை விளைவித்து அதனைச் சாதிப்பது குற்றம் என்பதே தீர்ப்பின் சாரம்.

21 ஜனவரி 2025

மேல்முறையீட்டு நீதிமன்றம் 2022இல் லொம்பாரின் சிறைத்தண்டனையை முழுதும் நிறுத்திவைத்தபோதிலும் குற்றத்தை உறுதிசெய்திருந்தது; பிரான்சின் உச்ச நீதிமன்றமும் இன்று அதை ஏற்றுள்ளது. ஊழியரை நேரில் கண்டிராத நிர்வாகிகளும், அவர்கள் வகுத்த கொள்கையின் வாயிலாகவே துன்புறுத்தியவர்களாகக் கருதப்படுவர் என்னும் இம்முடிவு, ‘நிறுவனவழி மனத் துன்புறுத்தல்’ என்ற கருத்துக்குச் சட்ட வலிமை தருகிறது. பணியிடக் கொடுமையைக் கடுகடுப்பான மேலாளர் ஒருவரின் குணக்கேடாக மட்டும் கண்டு, பாதிக்கப்பட்டவருக்கு மனநல ஆலோசனை வழங்குவதோடு நின்றுவிடும் அமைப்புகள், தாம் வகுத்த இலக்குகளையும் ஊக்கத்தொகை விதிகளையும் இனி விசாரணைக்கு உட்படுத்தியாக வேண்டும்; ஏனெனில், துன்பத்தை உற்பத்தி செய்யும் விதி நீடிக்கும்வரை, மேலாளரை மாற்றினாலும் கொடுமை மாறாது.