அப்பா வெட்டிப் போட்ட கூண்டு

"சார், கையில என்ன இது? யாராவது சூடு வெச்சாங்களா?"

கேட்டது எங்க கிளையில கேஷ் கவுண்டர்ல இருக்கிற பொண்ணு. ஹிந்தியில கேட்டதை நான் தமிழ்ல சொல்றேன். ரெண்டு முன்னங்கையிலும் கடுகு தாளிக்கும்போது தெறிச்ச மாதிரி இருபது முப்பது கரும்புள்ளி. "சமையல்"னு சொல்லி சமாளிச்சேன். உண்மையைச் சொல்லியிருந்தா நம்பியிருக்க மாட்டாங்க. வயசு 47, படிச்சது பி.காம்., வேலை கடன் பிரிவுல. ஸ்டேப்ளருக்குப் பின் போடுறதைத் தவிர எந்த மெஷினையும் திறந்து பார்க்காத ஆளு ஞாயித்துக்கிழமை பாறை ஏறுற வண்டி கட்டுறான்னா யாருங்க நம்புவா?

முதல்ல ஊர்க்கதை கொஞ்சம். எனக்கு நாமக்கல். அப்பா லாரிக்கு பாடி கட்டுற பட்டறை வெச்சிருந்தார். ஊர் தெரியாதவங்களுக்காக: கம்பெனியில இருந்து இஞ்சினும் சேஸிஸும் மட்டும் வரும். கேபின், பக்கப் பலகை எல்லாம் கட்டி, பெயின்ட் அடிச்சு, நெத்தியில சாமி பேரு எழுதி அனுப்புறது எங்க ஊரு வேலை. பெரியப்பா பசங்க லீவுன்னா பட்டறையிலதான் கிடப்பாங்க. எனக்கு மட்டும் தடை. "இந்தப் பக்கம் வந்தீன்னா காலை முறிச்சுருவேன்"ம்பார் அப்பா. நானும் கணக்குப் படிச்சு, பரீட்சை எழுதி, வங்கியில சேர்ந்து, ஊர் ஊரா மாத்தலாகி, 2022-ல சண்டிகருக்கு வந்து சேர்ந்தேன். அந்தத் தடை மட்டும் மனசுல ஒரு மூலையில முள்ளு மாதிரி இருந்துட்டே இருந்துச்சு. என் கையை அவர் நம்பலைன்னு நினைச்சேன்.

நாங்க குடியிருக்கிறது கரர் பக்கம். வீட்டு ஓனர் ராணுவத்துல ஈ.எம்.இ., அதாவது வண்டி, மெஷின் எல்லாம் பழுது பார்க்கிற பிரிவுல சுபேதாரா இருந்து ரிட்டையர் ஆனவர். வீட்டுக்குப் பின்னாடி தகரக் கொட்டகை. 2023 ஜூன்ல ஒரு நாள் டிராக்டர் டிராலியில ஒரு பழைய ஜிப்ஸி வந்து இறங்குச்சு. "மேனேஜர் சாப், பாதிப் பணம் போடுறீங்களா? பாறை ஏத்தலாம்"னார். நான் மேனேஜர் இல்லை. ஆனா அப்படிக் கூப்பிட்டா மறுக்கிறது கஷ்டம். தங்கமணிகிட்ட கேட்காமலே அம்பத்தஞ்சாயிரம் எடுத்துக் குடுத்தேன். (அதுக்கு வாங்கிக் கட்டிக்கிட்டது தனிக்கதை.)

பாறை ஏத்துறதுன்னதும் வேகமா ஓட்டுறதுன்னு நினைக்காதீங்க. நானும் அப்படித்தான் நினைச்சேன். அமெரிக்காவுல கலிஃபோர்னியாவின் ரூபிகன் பாதை மாதிரி இடங்கள்ல வளர்ந்த விளையாட்டு இது. நம்ம நாட்டுலயும் 2014-ல கோவாவுல ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் போட்டி ஆரம்பிச்ச பிறகு இப்படி வண்டி கட்டுறவங்க அதிகமானாங்க. இதுல வேகம்தான் குத்தம். கணக்கு எனக்குப் பிடிச்ச விஷயம்ங்கிறதால சொல்லிடறேன். முதல் கியர் 4, டிரான்ஸ்ஃபர் கேஸ் லோ 2, டிஃபரன்ஷியல் 4ன்னு வெச்சுக்குங்க. பெருக்கினா 32. இஞ்சின் 32 சுத்து சுத்தினா சக்கரம் ஒரு சுத்து. 31 இஞ்ச் டயர் போட்டு, இஞ்சின் சும்மா 800 சுத்துல ஓடினா மணிக்கு நாலு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கம்மியா போகும். நாம நடக்கிற வேகம். பாறைக்கு அதுவே ஜாஸ்தி. பெருக்கல் 100க்கு வந்தா மணிக்கு ஒரு கிலோமீட்டர் சொச்சம். எறும்பு ஊர்ற மாதிரிப் போகணும், ஆனா நிக்கக் கூடாது. எங்க வண்டிக்கு டிரான்ஸ்ஃபர் கேஸ்ல பல்சக்கரம் மாத்தி, ரெண்டுக்கும் நடுவுல கொண்டு வந்தார் சுபேதார்.

அடுத்தது பட்டை. ஜிப்ஸியில பட்டை ஆக்ஸிலுக்குக் கீழே இருக்கும். அதை ஆக்ஸிலுக்கு மேலே தூக்கி வெச்சா வண்டி அஞ்சு இஞ்ச் மாதிரி உயரும். ஆனா ஒண்ணைத் தொட்டா ஒன்பது வேலை. பிரேக் டியூப் நீளம் பத்தாது, ஸ்டீயரிங் ராடு கோணம் மாறும், புரொபெல்லர் ஷாஃப்ட் ஜாயின்ட் அடி வாங்கும். ஆக்ஸில் முறுக்கிப் பட்டையை வளைக்காம இருக்க ஒரு தாங்கு கம்பி வேற. பின் டிஃபரன்ஷியலுக்குள்ள பல்சக்கரத்தை வெல்டு வெச்சு ஒட்டிட்டோம். ஒரு சக்கரம் அந்தரத்துல தொங்கினாலும் இன்னொண்ணு தள்ளும். டயர்ல காத்து பத்து, பன்னெண்டு பவுண்டுதான். அப்பதான் டயர் கல்லைக் கட்டிப் பிடிக்கும்.

ரோட்டுல இதை ஓட்ட முடியாது. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு இருக்கு. கம்பெனி குடுத்த வடிவத்தை மாத்தக் கூடாதுன்னு 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டும் சொல்லியாச்சு. அதே வருஷம் வந்த திருத்தத்துல மாத்தம் ஒண்ணுக்கு ஐயாயிரம் அபராதம், ஜெயிலும் உண்டு. எங்க வண்டியில எண்ணினா எனக்கு பி.எஃப். பத்தாது :-) அதனால பதிவை ரத்து பண்ணிட்டு, சுபேதாரோட மச்சானுக்குச் சொந்தமான நிலத்துல, சிவாலிக் மலையடிவாரத்துல இருக்கிற வறண்ட ஓடையில மட்டும் ஓட்டுறதுன்னு முடிவு. அந்தப் பக்கம் இதை 'சோ'ன்னு சொல்றாங்க. மழைக்கு மட்டும் தண்ணி, மத்த நாள் எல்லாம் பானை பானையாக் கல்லு. போக வர டிராலிதான்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். வண்டி கவுந்தா உள்ள இருக்கிறவங்களைக் காப்பாத்துற குழாய்க் கூண்டு, ரோல் கேஜ். போட்டி விதிகள்ல முக்கிய வளைவுக்கு தையல் இல்லாத குழாய், 45 மில்லி விட்டம், ரெண்டரை மில்லி கனம்னு இருக்கு. சுபேதார் அதைத்தான் வாங்கச் சொன்னார். நெல் அறுப்புக்காக அவர் கிராமத்துக்குப் போன நேரம், கடன் பிரிவு அதிகாரிக்கு மூளை வேலை செஞ்சுது. தண்ணி போற ஜி.ஐ. பைப்பு பாதி விலைக்குக் கிடைச்சது. பார்க்க இன்னும் தடிமனா வேற இருந்துச்சு. சுபேதார் சொல்லிக் குடுத்த அரைகுறை வெல்டிங்கை வெச்சு ரெண்டு ஞாயித்துக்கிழமையில நானே கூண்டு கட்டிட்டேன். கறுப்புப் பெயின்ட் அடிச்சதும் அடடா, என்ன அழகு! அன்னிக்கு ராத்திரி குளிர் காய்ச்சல், உடம்பெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி. மலேரியாவான்னு பயந்தா, அடுத்த நாள் சாயங்காலம் சரியாப் போச்சு.

அந்த வருஷம் தீபாவளிக்கு அப்பாவும் அம்மாவும் வந்தாங்க. அப்பாவுக்கு 76. வந்த மறுநாளே கொட்டகைக்குக் கூட்டிட்டுப் போனேன். சின்னப் பையன் மார்க் ஷீட் காட்டுற மாதிரி நின்னேன். அவர் குனிஞ்சு பட்டையைப் பார்த்தார். "நல்லா ஏத்தியிருக்காங்க." தாங்கு கம்பியைப் பார்த்தார். தலையாட்டினார். கூண்டுக்கு வந்ததும் வளைவைத் தடவினார்.

"ஏஞ்சாமி, இத ஆரு வெல்டு வெச்சது?"

"நாந்தானுங்ப்பா."

"வெச்ச அன்னிக்கு ராத்திரி காய்ச்சல் வந்துச்சா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. தங்கமணியைத் தவிர யார்கிட்டயும் சொல்லலை.

"துத்தநாகப் புகை. ஜி.ஐ. மேல பூச்சைத் தேய்ச்சு எடுக்காம வெல்டு வெச்சா காய்ச்சல் வரும்"னுட்டு சுத்தியலை எடுத்தார். ஒரு ஜாயின்ட்ல ரெண்டே தட்டு. நான் வெச்ச வெல்டு காஞ்ச புண்ணுப் பொருக்கு மாதிரி உரிஞ்சு விழுந்துச்சு. "ஒட்டியிருக்கு. புடிக்கல. வளைச்ச எடமெல்லாம் நசுங்கியிருக்கு பாரு. இதுக்குள்ளயா அம்முணியை உக்கார வெக்கப் போற?"

அம்முணின்னா என் பொண்ணு. பிளஸ் ஒன் படிக்கிறா. முதல் ஆளா நான்தான் பக்கத்துல உக்காருவேன்னு மூணு மாசமாச் சொல்லிட்டு இருந்தா.

எனக்குச் சுருக்குன்னு கோபம் வந்துச்சு. தப்பு என்னுதுன்னு தெரிஞ்சா வர்ற கோபம் இருக்கே, அது. "அன்னிக்கே சொல்லிக் குடுத்திருந்தா இன்னிக்கு நான் ஏனுங்ப்பா இப்படித் தப்பா வெக்கறேன்? பெரியப்பா பசங்களுக்கெல்லாம் கத்துக் குடுத்தீங்க. என்னை உள்ளயே விடலை"ன்னு கத்திட்டேன்.

அவர் சுத்தியலைக் கீழே வெச்சார். கொஞ்ச நேரம் பேசலை.

"இந்தப் பொகையை நீ குடிக்கக் கூடாதுன்னுதான்டா வெளிய நிறுத்துனேன். வாரத்துக்கு ஒருக்கா எனக்கு அந்தக் காய்ச்ச வரும். உங்கம்மாகிட்ட மழைல நனைஞ்சுட்டேன்னு சொல்லுவேன். நீ என்னடான்னா இத்தன வயசுல, அதுவும் காசு குடுத்து வாங்கிக் குடிச்சிருக்கற."

அவ்வளவுதான் சொன்னார். நான் என்ன பதில் சொல்றது?

மறுநாள் காலையில ஆறு மணிக்குக் கொட்டகையில கிரைண்டர் சத்தம். போய்ப் பார்த்தா ஸ்வெட்டரும் மப்ளருமா அப்பா என் கூண்டை வெட்டிட்டு இருக்கார். பாதி வெட்டினதும் "இந்தா, மீதிய நீ அறு"ன்னு கையில குடுத்தார். தையல் இல்லாத பைப்பு வந்துச்சு. வளைக்கிறதை மெஷின் இருக்கிற கடையில குடுத்தோம். வெல்டு மட்டும் நாங்க. கொட்டகையோட ரெண்டு பக்கத் தகரத்தையும் கழட்டச் சொல்லிட்டார், காத்து போகணும்னு. எனக்கு மாஸ்க், அவருக்கும் மாஸ்க்.

"ராடை முதல்ல காய வை. ஈரமா இருந்தா வெல்டுக்குள்ள ஓட்டை வுழும். கண்ணை விடக் காதுதான் முக்கியம். வடை எண்ணெயில வேகற சத்தம் வருதா? அதே சத்தம் மாறாம கொண்டு போ. படபடன்னா ராடு தள்ளிப் போச்சு. சத்தம் அமுங்கினா ஒட்டிக்கப் போகுது."

பதினோரு நாள் இருந்தார். ஊருக்குப் போறதுக்கு முந்தின நாள் ஒவ்வொரு ஜாயின்ட்டா சுத்தியலால தட்டிப் பார்த்தார். என்னுது மூணை மறுபடி வெட்ட வெச்சார். கிராமத்துல இருந்து திரும்பி வந்த சுபேதார், பழைய கூண்டு மூலையில கிடந்ததைப் பார்த்து ஒண்ணும் கேட்கலை. ராணுவத்துக்காரர், புரிஞ்சுக்கிட்டார்.

2024 பிப்ரவரியில ஒரு ஞாயிறு. பொண்ணு பக்கத்துல, பெல்ட் போட்டு, ஹெல்மெட் மாட்டி. ரெண்டு மணி நேரம் அருமையா ஏறுச்சு. சரிவுல நேரா ஏறணும், குறுக்கே திருப்பக் கூடாதுன்னு சுபேதார் நூறு தடவை சொல்லியிருந்தார். முன் சக்கரம் ஒரு கல்லு மேல ஏறி நின்னப்ப எனக்குப் பயம் வந்து ஸ்டீயரிங்கைத் திருப்பிட்டேன். வண்டி மெதுவா, ரொம்ப மெதுவா, எருமை படுக்கிற மாதிரி சாஞ்சு, அவ இருந்த பக்கம் விழுந்து, இன்னொரு முறை புரண்டு, தலைகீழா நின்னுச்சு. கூண்டு கல்லுல மோதின சத்தம் இப்பவும் காதுல இருக்கு.

"அப்பா, கையை வெளிய நீட்டாதீங்க"ன்னா அவ, தலைகீழாத் தொங்கிக்கிட்டே. நான் நீட்டப் போயிருந்தேன்.

ரெண்டு பேருக்கும் தோள்ல பெல்ட் அழுத்தின தடம். வேற ஒண்ணும் இல்லை. மேல் குழாய்ல ஒரு பள்ளம். ஜாயின்ட் ஒண்ணு கூட விடலை.

தங்கமணிக்கு முன்னாடி அப்பாவுக்குத்தான் ஃபோன் பண்ணேன். "அம்முணிக்கு ஒண்ணுமில்லியே?"ன்னு ரெண்டு தடவை கேட்டார். அப்புறம், "வண்டியை நிமித்திட்டீங்களா? உடனே ஸ்டார்ட் பண்ணிறாதீங்க. ஆயில் சிலிண்டருக்குள்ள எறங்கியிருக்கும். பிளக்கைக் கழட்டிட்டு ஒரு சுத்து வுட்டு, வெளிய வந்ததுக்கப்பறம் மாட்டு."

"சரிங்ப்பா."

கழட்டினோம். ரெண்டு சிலிண்டர்ல இருந்து கறுப்பா ஆயில் பீச்சியடிச்சுது.

செலவுக் கணக்கு நோட்டு இன்னும் எழுதறேன், தொழில் புத்தி போகாது. அதுல 'கூண்டு, முதல் முறை: 6,200 ரூபாய், நஷ்டம்'னு ஒரு வரி. அடுத்து 'கூண்டு, இரண்டாம் முறை: 14,800.' ரெண்டாவதுக்கு எதிரே கூலின்னு ஒரு கட்டம் இருக்கு. அப்பாகிட்ட எவ்வளவு போடட்டும்னு கேட்டேன். "அடுத்த தடவை வரும்போது பேசிக்கலாம்"னுட்டார். கட்டம் இன்னும் காலியாத்தான் இருக்கு.

சண்டிகர் பக்கம் வந்தா சொல்லுங்க. ஒரு நாள் கூட்டிட்டுப் போறேன். பெல்ட் போட்டுக்கணும், கையை உள்ளயே வெச்சுக்கணும்.