ஓர் ‘இல்லை’

பழைய தாள்களைக் கழித்துக்கொண்டிருந்தபோது ஒரு வினாநிரல் கையில் அகப்பட்டது. 1999-இல், நீலகிரிச் சரிவில் உள்ள ஒரு பழங்குடிக் குடியிருப்பில் நான் நிரப்பியது. அப்போது ஓர் ஆய்வுத் திட்டத்தில் கூலிக்குக் களப்பணி செய்துகொண்டிருந்தேன். 34-ஆம் கேள்வி: ‘ஊரில் தகராறுகளைத் தீர்க்கும் மரபான சபை ஏதேனும் உண்டா?’ எதிரே இரண்டு கட்டங்கள். ‘இல்லை’ என்ற கட்டத்தில் நான் இட்ட குறி இன்னும் மங்கவில்லை.

அன்று காலை இக்கேள்வியை ஊர்ப் பெரியவரிடம் கேட்டேன். என்னையும் என் கையிலிருந்த தாளையும் மாறிமாறிப் பார்த்தார். “அப்பிடி ஒண்ணும் இல்லீங்க சார்” என்றார். குறித்துக்கொண்டேன்.

மாலையில் அவர் வீட்டு முற்றத்தில் ஏழெட்டுப் பேர் கூடினார்கள். ஒரு பாறையில் கட்டியிருந்த தேனை அவ்வருடம் எந்தக் குடும்பம் இறக்குவது என்பது வழக்கு. எவரும் தலைமை தாங்கி அமரவில்லை. பெண்கள் வாசற்படியிலிருந்தே குறுக்கிட்டுப் பேசினார்கள். மேலே நின்று கயிற்றைப் பிடிப்பது யார் என்ற பேச்சு வந்ததும் எல்லோரும் சிரித்தார்கள். மச்சினன்தான் பிடிக்க வேண்டும். உடன்பிறந்தவளை விதவையாக்க எவனுக்கும் மனம் வராது அல்லவா? இருட்டுவதற்குள் முடிவு எட்டப்பட்டுவிட்டது. ஒரு வரிகூட எழுதப்படவில்லை. நான் கிளம்பியபோது பெரியவர் என் தோளைத் தொட்டார். “தம்பி, இதெல்லாம் அதுல எழுத வேண்டாம்.”

காலையில் சார், மாலையில் தம்பி. குறியை நான் மாற்றவில்லை.

எலினோர் ஆஸ்ட்ரம் 1990-இல் வெளியிட்ட நூலைப் பின்னாளில் வாசித்தேன். சுவிட்சர்லாந்தின் மேய்ச்சல் நிலங்கள், ஜப்பானியக் கிராமங்களின் பொதுக்காடுகள், ஸ்பெயினின் பாசன வாய்க்கால்கள் ஆகியவற்றை நீண்டகாலம் அழியாமல் காத்த சமூகங்களிடம் அவர் எட்டுப் பொதுக்கூறுகளைக் கண்டார். குறைந்த செலவில், விரைவாகப் பிணக்குகளைத் தீர்த்துக்கொள்ள உள்ளூரிலேயே ஓர் இடமிருப்பது அவற்றில் ஒன்று. தமக்கான விதிகளைத் தாமே வகுத்துக்கொள்ளும் அவர்களுடைய உரிமையில் அரசு குறுக்கிடாதிருப்பது இன்னொன்று. இவ்வாய்வுகளுக்காக அவருக்கு 2009-இல் பொருளியல் நோபல் கிடைத்தது. முதல் கூறை அந்த முற்றத்தில் என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

ஆனால் பெரியவர் ஏன் மறைத்தார்? அதற்கு ஒரு விடை ரிவர்ஸின் நூலில் கிடைத்தது. மருத்துவரும் உளவியலாளருமான டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் 1901-02-இல் நீலகிரிக்கு வந்து தோடர்களிடையே ஆய்வு செய்தார். 1906-இல் நூல் வெளியானது. எருமைப் பால்மனைகளின் சடங்குகள், குலங்கள், வழக்குகளைத் தீர்க்கும் ‘நைம்’ என்ற சபை என ஒவ்வொன்றையும் அளந்து எழுதியிருக்கிறார். இறந்த உறவினரின் பெயரை உச்சரிப்பது தோடர்களுக்கு விலக்கு. ரிவர்ஸோ குடிவழி அட்டவணைகளின் மீதே தன் ஆய்வைக் கட்டியவர். எனவே ஒரு குடும்பத்தின் பெயர்களைப் பிறரிடம் கேட்டுத் திரட்டினார்.

அந்நூலின் முன்பகுதியில் அவரே ஒரு செய்தியைச் சொல்கிறார். அவருக்குப் புனித விஷயங்களைச் சொன்ன ஒருவர் நோயுற்றார். இன்னொருவரின் மனைவி இறந்தாள். மூன்றாமவருடைய ஊரின் பால்மனை எரிந்தது. அந்நியனிடம் இரகசியங்களை வெளியிட்டதால் தெய்வங்கள் சினந்தன என்று குறி சொல்வோர் கூறினர். அதன்பின் அவருக்குத் தகவல் தர முன்வந்தோர் மிகச் சிலரே. ரிவர்ஸ் இதை ஒளிக்காமல் எழுதியது அவருடைய நேர்மை. ஆனால் நூல் அவருக்கும் இழப்பு அவர்களுக்குமாக முடிந்தது.

இதை வாசித்த இரவு, ‘இல்லை’ என்று குறித்தது சரியே என எண்ணி நிம்மதியாகத் தூங்கினேன். அந்த நிம்மதி நெடுநாள் நீடிக்கவில்லை.

வன உரிமைச் சட்டம் 2006-இல் நிறைவேறியது. 2008-இல் வந்த அதன் விதிகள் உரிமை கோருவோர் காட்டக்கூடிய சான்றுகளைப் பட்டியலிடுகின்றன: எழுத்தில் பதிவான மூத்தோர் வாக்குமூலம், பழைய ஆவணங்களில் உள்ளோருடன் இணைக்கும் குடிவழி, இந்திய மானுடவியல் ஆய்வு நிறுவனம் போன்ற பெயர்பெற்ற அமைப்புகள் வழக்காறுகளைப் பதிவுசெய்த ஆய்வுகள். அதாவது, விலக்கை மீறித் திரட்டிய பெயர்ப்பட்டியல்கூடப் பேரர்களின் நிலத்தைக் காக்கக்கூடும். நான் போட்ட குறியோ எங்கோ ஓர் அறிக்கையில், அந்த ஊருக்குச் சபையே கிடையாது என்று சாட்சி சொல்லிக்கொண்டிருக்கலாம். நம்பிக்கையைக் காப்பதாக எண்ணி ஒரு சமூகத்தின் ஆட்சிமுறையை ஒற்றைக் குறியில் அழித்துவிட்டேனா?

சென்ற ஆண்டு மீண்டும் போனேன். பெரியவர் இல்லை. அவருடைய மகனிடம் வினாநிரலைக் காட்டி, நடந்ததை எல்லாம் சொன்னேன். திருத்தி, முறையான பதிவாக எழுதித் தரட்டுமா என்று கேட்டேன். அவர் தாளை நெடுநேரம் வைத்திருந்தார்.

“ஊர் பேரு, பாறை பேரு இல்லாம உங்க கதையா எழுதிக்கோங்கண்ணா. பதிவா எழுதறதப் பத்தி நான் ஒருத்தன் சொல்ல முடியாது. உக்காந்து பேசிச் சொல்றோம்.”

அவர் தந்த அனுமதியின் எல்லைக்குள் இதை எழுதியிருக்கிறேன். பேசிவிட்டார்களா என்று தெரியவில்லை. இதுவரை பதில் வரவில்லை; நானும் கேட்டு நெருக்கவில்லை. வினாநிரலை மட்டும் கிழிக்காமல் வைத்திருக்கிறேன்.